கிணறு யாருடையது? – மொரிட்டானியா: மணலும் மனிதரும்

சுதந்திரம் பெறுவதற்கு மூன்றாண்டு முன்பு வரை மொரிட்டானியாவுக்குள் ஒரு தலைநகரமே கிடையாது. அந்த நாட்டை பிரெஞ்சுக்காரர்கள் நிர்வகித்தது, செனகல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், செனகலில் இருக்கும் செயின்ட் லூயி நகரத்திலிருந்து. தனி நாடு என்றால் தனித் தலைநகர் வேண்டும் என்று முடிவானதும், அட்லாண்டிக் கரையோரம் சில நூறு பேர் மட்டுமே குடியிருந்த நுவாக்சோட் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கே அரபு பேசும் மூர்கள், தெற்கே ஆற்றங்கரையில் கறுப்பின வேளாண் சமூகங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் என்பதுதான் அந்த ஊரின் பெரிய தகுதி. 1958-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1960 நவம்பர் 28 அன்று, தற்காலிகமாக எழுப்பிய ஒரு கொட்டகையில், பின்னர் நாட்டின் முதல் அதிபரான மொக்தார் உல்த் தாதா விடுதலையை அறிவித்தார். முறையான மண்டபம் கட்டி முடிக்கக்கூட நேரம் இருக்கவில்லை.

சில ஆயிரம் பேர் வாழ்வதற்காகத் திட்டமிட்ட நகரம் அது. இன்று அங்கே பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். இடையில் நடந்தது என்ன என்பதில்தான் இந்த நாட்டின் கதை இருக்கிறது. வறட்சி, பாலைவனம் விரிவடைதல் என்று இயற்கையின் பெயரைச் சொல்லி அதை முடித்துவிடுவது எளிது. பெரும்பாலான செய்திகள் அப்படித்தான் முடித்துவிடுகின்றன. ஆனால், இந்த மண்ணில் எந்தத் துயரத்தைத் தொட்டாலும், கொஞ்சம் தோண்டினால் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது. கிணற்றை வெட்டியவர் ஒருவர், பேரீச்ச மரத்துக்கு நீர் இறைத்தவர் ஒருவர், ஆற்றங்கரை வயலில் சோளம் விதைத்தவர் ஒருவர். பத்திரம் மட்டும் ஏன் இன்னொருவர் பெயரில் இருக்கிறது?

இரும்பாலான மலை

பத்து லட்சத்து முப்பதாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு. மக்கள் தொகை சுமார் 50 லட்சம். சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர். மேற்கே அட்லாண்டிக், தெற்கே செனகல் ஆறு, கிழக்கே மாலி, வடக்கே அல்ஜீரியாவும் மேற்கு சஹாராவும். வரைபடத்தில் இந்த எல்லைகள் பலவும் அடிக்கோல் வைத்து இழுத்த நேர்கோடுகள். ஒட்டகத்தோடு நடந்தவர்கள் யாரும் அந்தக் கோடுகளைக் கேட்டு நடந்ததில்லை.

நாட்டின் முக்கால் பங்குக்கு மேல் சஹாரா. வடக்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது. பல ஆண்டுகள் அதுவும் இல்லை. தெற்கே ஆற்றை ஒட்டிய ஒரு பட்டையில் மட்டும் மழையை நம்பி விதைக்கலாம். நடுவில் அத்ரார் பீடபூமி: கருத்த பாறைச் சரிவுகள், அவற்றின் மடிப்புகளில் பேரீச்சந் தோப்புகள். அதற்கு அப்பால், வதான் ஊருக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வட்டத்துக்குள் வட்டமாக ஒரு நில அமைப்பு இருக்கிறது. 1965-ல் ஜெமினி விண்கலத்திலிருந்து எடுத்த படங்கள் அதை உலகப் புகழ் பெறச் செய்தன. விண்கல் விழுந்த தடம் என்று முதலில் நினைத்தார்கள். நிலத்தடியிலிருந்து மேல்நோக்கி உப்பிய பாறைக் குவடு, காற்றிலும் நீரிலும் அரிபட்டு இப்படி ஆகியிருக்கிறது என்பதுதான் நிலவியலாளர்களின் முடிவு. இன்னும் வடக்கே போனால், நாட்டின் மிக உயரமான மலையான கெதியத் எஜ்ஜில். உயரம் 915 மீட்டர். அந்த மலையில் காந்தத் தன்மை கொண்ட இரும்புத் தாது மண்டிக் கிடப்பதால், பக்கத்தில் திசைகாட்டி முள் தடுமாறும்.

இந்த நிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே ஏரிகள் இருந்தன, நீர்யானைகள் இருந்தன. திஷீத் செங்குத்துப் பாறை விளிம்பில், கல்லால் மதில் எழுப்பிய நூற்றுக்கணக்கான பழங்குடியிருப்புகளின் எச்சங்களைத் தொல்லியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே கிடைத்த பானைச் சில்லுகளில், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிரிட்ட கம்பு மணிகளின் அச்சு பதிந்திருக்கிறது. கம்பின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து கிளம்பி, கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகக் கடல் கடந்து, இந்தியா வந்து சேர்ந்த தானியம் அது. நம் கரிசல் காட்டில் கூழாகும் கம்புக்குச் சொந்த ஊர் எதுவென்று கேட்டால், இந்தப் பாறை விளிம்பும் அதைச் சுற்றியுள்ள சஹேல் நிலமும்தான் பதில். மொரிட்டானியா பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

பின்னர் நிலம் காய்ந்தது, வணிகம் வந்தது. தென்கிழக்கில் கும்பி சாலே, பழைய கானா பேரரசின் தலைநகராக இருந்த இடம் என்று கருதப்படுகிறது. வடக்கிலிருந்து உப்புப் பாளங்கள், தெற்கிலிருந்து பொன்னும் அடிமைகளும். பதினோராம் நூற்றாண்டில் இங்கிருந்து கிளம்பிய அல்மொராவித்துகள் மொராக்கோவையும் ஸ்பெயினின் பெரும் பகுதியையும் ஆண்டார்கள். ஒட்டக வணிகம் செழித்த காலத்தில் வதான், ஷிங்கெட்டி, திஷீத், வலாத்தா ஆகிய நான்கு ஊர்கள் எழுந்தன. 1996-ல் நான்கையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது.

ஷிங்கெட்டியில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கையெழுத்துச் சுவடி நூலகங்கள் இன்றும் இருக்கின்றன. மறைநூல், சட்டம், வானியல், கணிதம், மருத்துவம், இலக்கணம் என்று எல்லாத் துறைச் சுவடிகளும் ஆட்டுத்தோல், மான்தோல் உறைக்குள் கிடக்கின்றன. கறையான் ஒரு எதிரி, வறண்ட காற்று இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி, தெருவுக்குள் வந்து கதவை மூடும் மணல். பழைய ஊரின் பல வீடுகள் ஏற்கெனவே புதைந்துவிட்டன. அரசு சேகரித்துப் பாதுகாப்பதாகச் சொன்னாலும் சுவடிகளைக் கொடுக்கப் பல குடும்பங்கள் மறுக்கின்றன. முன்னோர் சொத்து என்ற பற்று ஒருபுறம். கொடுத்தால் திரும்பி வராது என்ற ஐயம் மறுபுறம். இந்த நாட்டின் வரலாற்றைப் பார்த்தால் அந்த ஐயத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கல்வி கட்டடத்தை நம்பி இருந்ததில்லை. மஹத்ரா என்ற பாலைவனப் பள்ளிகளில் ஒரு ஆசிரியர், ஒரு கூடாரம், மாணவருக்கு ஒரு மரப்பலகை. பாடத்தை மையால் பலகையில் எழுதி, மனப்பாடம் ஆனதும் கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். கூடாரம் நகர்ந்தால் பள்ளியும் நகரும். 2023-ல் இந்த முறையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அரபு உலகில் மொரிட்டானியாவுக்குப் ‘பத்து லட்சம் கவிஞர்களின் நாடு’ என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பரும் யாப்புப் பிசகாமல் பாட்டுக் கட்டுவார் என்பதால் வந்த பெயர் அது.

கூடாரத்திலிருந்து குடிசைக்கு

1960-களின் இறுதியில் மழை பொய்த்தது. 1973 வரை தொடர்ந்த அந்த வறட்சி, கொஞ்சம் மூச்சு விட்டு, 1980-களின் தொடக்கத்தில் மறுபடி வந்தது. மாடுகள் முதலில் விழுந்தன, பிறகு ஆடுகள், கடைசியில் ஒட்டகங்கள். மந்தை போன குடும்பம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியது. நடந்து சேர்ந்த இடம் தலைநகரின் விளிம்பு. 1960-களின் நடுவில் மக்களில் பெரும்பாலோர் மேய்ச்சல் குடிகள். 1988 கணக்கெடுப்பில் அவர்கள் வெறும் 12 சதவீதம். ஒரே தலைமுறைக்குள் ஒரு சமூகம் முழுவதும் வாழ்முறையை மாற்றிக்கொள்வது என்பது உலகில் மிகச் சில இடங்களில்தான் நடந்திருக்கிறது.

தகரமும் பலகையும் கிழிந்த கூடாரத் துணியும் கொண்டு எழுந்த அந்தக் குடியிருப்புகளில் தண்ணீர் குழாயில் வரவில்லை. கழுதை வண்டியில், பீப்பாயில் வந்தது. அதாவது, வீட்டில் குழாய் வைத்திருக்கும் வசதி படைத்தவர் கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிக விலையை ஏழை கொடுத்தார். நகரத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழோ இருக்கிறது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே காவலாக இருப்பது ஒரு மணல் திட்டு. வீடு கட்ட அந்தத் திட்டிலிருந்தே மணல் அள்ளினார்கள். 1986-ல் சீன உதவியோடு கட்டிய ஆழ்கடல் துறைமுகத்தால் அதன் தென்பக்கக் கரை அரிக்கப்பட்டது. 2010 முதல் செனகல் ஆற்று நீர் குழாய் வழியே நகரத்துக்கு வருகிறது. நல்ல காரியம். ஆனால் வடிகால் இல்லாத ஊரில், வந்த நீர் போக வழியின்றி, தாழ்வான தெருக்களில் உப்பு நீரோடு கலந்து தேங்கியது. தண்ணீருக்கு ஏங்கிய நகரத்தில், தண்ணீர் ஏறி மக்கள் வீட்டைக் காலி செய்த தெருக்களும் உண்டு.

ஆனாலும் கூடார வாழ்க்கை மனசை விட்டுப் போகவில்லை. வசதியான வீட்டு முற்றத்திலும் ஒரு கூடாரம் நிற்கும். ஜூலை மாதம் பேரீச்சை பழுக்கும்போது, தலைநகரக் குடும்பங்கள் அத்ராரின் தோப்புகளுக்குத் திரும்புகின்றன. குவெத்னா என்ற அந்த அறுவடைக் காலம் முழுக்க உறவு, பாட்டு, பழம், பால். தேநீருக்கு அவசரம் கூடாது. சீனப் பச்சைத் தேயிலை, புதினா, நிறையச் சர்க்கரை. ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி நுரை திரண்ட பின்தான் கொடுப்பார்கள். மூன்று சுற்று. முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதை ஆகாது.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூர் சமூகத்தில் மணமுறிவு பெண்ணுக்கு அவமானம் அல்ல. தாய்வீடு திரும்பும் மகளை விருந்து வைத்து வரவேற்கும் வழக்கம் உண்டு. நுவாக்சோட்டின் துணிக் கடைகளிலும் சந்தைகளிலும் பெண் வணிகர்கள் ஏராளம். அதே சமூகத்தில்தான், பருத்த உடல் அழகு என்று சிறுமிகளுக்கு வலுக்கட்டாயமாகப் பாலும் கூழும் ஊட்டும் கொடுமையும் நடந்தது. நகரங்களில் அது பெரிதும் குறைந்திருக்கிறது, முற்றிலும் ஒழியவில்லை.

ஒழிந்தும் ஒழியாதது

இப்போது, கிணறு யாருடையது என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

மொரிட்டானியச் சமூகத்தை மூன்றாகப் பார்க்கலாம். பீதான் எனப்படும் அரபு–பெர்பர் மூர்கள்; அரசு, படை, வணிகம் ஆகியவற்றின் உச்சியில் நெடுங்காலமாக இவர்களே. ஹராத்தின்கள்: தலைமுறைகளாக பீதான்களிடம் அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்தவரின் வழித்தோன்றல்கள், அதே ஹஸ்ஸானியா அரபு பேசுகிறார்கள், அதே இசையைப் பாடுகிறார்கள். தெற்கே ஹால்புலார், சோனின்கே, வொலோஃப் சமூகங்கள். தெற்கின் இந்தச் சமூகங்களிலும் சாதி போன்ற அடுக்குகள் உண்டு; அங்கும் அடிமைமுறை இருந்தது.

1980-ல் அத்தார் நகரில் ஓர் இளம் அடிமைப் பெண் விற்கப்பட்ட செய்தி வெளியே வந்து போராட்டம் வெடித்தது. 1978-ல் ஹராத்தின் இளைஞர்கள் தொடங்கியிருந்த எல் ஹோர் இயக்கத்தினர் கைதானார்கள். மறு ஆண்டு, 1981-ல், அடிமைமுறை ஒழிந்தது என்று ராணுவ அரசு ஆணை பிறப்பித்தது. உலகிலேயே கடைசியாக ஒழித்த நாடு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கலங்க வைப்பது அந்த ஆணையில் இருந்த ஒரு விதிதான். இழப்பீடு வழங்கப்படும் என்றது. யாருக்கு? அடிமையை இழப்பவருக்கு. ஆயுள் முழுக்கக் கூலியின்றி உழைத்தவருக்கு ஒரு காணி நிலம்கூட அதில் இல்லை. வைத்திருந்தால் குற்றம் என்ற தண்டனைப் பிரிவும் இல்லை. அது வர 2007 வரை, இன்னும் 26 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2015-ல் சட்டம் கடுமையாகி, மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவிக்கப்பட்டது. தனி நீதிமன்றங்கள் மூன்று அமைந்தன.

விடுதலை பெற்றவர் எங்கே போவார்? பேரீச்சந் தோப்பு எசமானருடையது. கிணறு எசமானர் குலத்துடையது. பிறப்புப் பதிவு இல்லை. எனவே அடையாள அட்டை இல்லை. எனவே பிள்ளைக்குப் பள்ளி இல்லை. அதே தோப்பில் பாதி விளைச்சலுக்குக் குத்தகை உழைப்பாளியாகத் தங்குவதுதான் வழி. சங்கிலி தேவையில்லை. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில், கிணற்றடியிலிருந்து யாரும் ஓடிவிட முடியாது. வாக் ஃப்ரீ அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மொரிட்டானியாவில் நவீன அடிமை நிலையில் வாழ்வோர் 1,49,000 பேர். மக்கள் தொகை விகிதத்தில் உலகில் மூன்றாவது இடம். எச்சங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன என்பது அரசின் நிலைப்பாடு. அந்த எச்சத்துக்குள் பிறந்த குழந்தைக்கு இந்தச் சொல் வேறுபாடு எந்த உதவியும் செய்யாது.

எதிர்த்து நின்றவர்கள் உள்ளூர்க்காரர்களே. அடிமைக் குடும்பத்தில் பிறந்து கட்டடக் கலைஞரான பூபக்கர் மெஸ்ஸாவுத், 1995-ல் எஸ்.ஓ.எஸ். எஸ்க்லாவ் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர்; பல ஆண்டுகள் அதற்கு அனுமதியே கிடைக்கவில்லை. பீராம் தா அபெய்து 2008-ல் இரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அடிமைமுறைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பழைய சட்ட விளக்க நூல்களை 2012-ல் பொதுவெளியில் எரித்து, சிறை சென்றார். 2013-ல் ஐ.நா.வின் மனித உரிமை விருது. 2018-ல் சிறையில் இருந்தபடியே நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2024 அதிபர் தேர்தலில் 22 சதவீத வாக்கோடு இரண்டாம் இடம். விற்பனைப் பொருளாக இருந்தவர்களின் பேரன், நாட்டின் தலைமைக்குப் போட்டியிடும் இடம் வரை வந்திருக்கிறார். இது சிறிய மாற்றம் அல்ல.

தெற்கே, இதே நிலக் கேள்வி வேறு வடிவில் ரத்தம் சிந்தியது. செனகல் ஆற்றில் வெள்ளம் வடிந்ததும், ஈரம் காயாத வண்டலில் விதைப்பது ஆற்றங்கரை மக்களின் பழைய வேளாண்மை. நிலம் குடும்பங்களுக்கும் ஊருக்கும் பொது. 1983-ல் வந்த நிலச் சட்டம் அந்த மரபு உரிமையை நீக்கியது. பயன்படுத்தாத நிலம் அரசுக்குச் சொந்தம் என்றது. சில ஆண்டுகளில் தியாமா, மனந்தாலி அணைகள் எழுந்தன. கரையோர நிலம் ஆண்டு முழுக்க நெல் விளையும் நிலமாக மாறப்போகிறது என்று தெரிந்ததும், வடக்கிலிருந்து பணமும் செல்வாக்கும் ஆற்றை நோக்கி வந்தன. 1989 ஏப்ரலில் செனகல் விவசாயிகளுக்கும் மொரிட்டானிய மேய்ப்பர்களுக்கும் மூண்ட மோதல், இரு தலைநகரங்களிலும் கொலைவெறியாகப் பரவியது. அதைச் சாக்காக வைத்து, மொரிட்டானிய அரசு தன் சொந்தக் கறுப்பினக் குடிமக்களையே ‘செனகல்காரர்’ என்று சொல்லி, அடையாள அட்டைகளைப் பறித்து, ஆற்றைக் கடக்க வைத்தது. அப்படிப் போனவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். காலியான வயல்கள் காலியாகவே இருக்கவில்லை.

1990 நவம்பர் 28, சுதந்திர தினம். இனால் ராணுவ முகாமில் 28 கறுப்பினப் படைவீரர்களைத் தூக்கிலிட்டார்கள். 1993-ல் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் யாரையும் விசாரிக்க விடாமல் தடுத்தது. அந்த வீரர்களின் மனைவியருக்கு சுதந்திர தினம் என்பது துக்க நாள். 2008 முதல் 2012 வரை சுமார் 24,000 பேர் செனகலிலிருந்து நாடு திரும்பினார்கள். அவர்களில் பலர் தங்கள் பழைய நிலத்தில் வேறொருவரின் நாற்றைக் கண்டார்கள்.

இரண்டரை கிலோமீட்டர் ரயில்

சுவேராத் இரும்புச் சுரங்கத்திலிருந்து நுவாதிபு துறைமுகம் வரை 704 கிலோமீட்டர். 1963-ல் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையில் வரும் ரயில், உலகின் மிக நீளமான ரயில்களுள் ஒன்று. இருநூறுக்கும் மேற்பட்ட வேகன்கள், ஒவ்வொன்றிலும் எண்பது டன்னுக்கு மேல் தாது. மொத்த நீளம் இரண்டு முதல் இரண்டரை கிலோமீட்டர். முன்னால் இருக்கும் எஞ்சின் இழுத்ததும் இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகி, அந்த அதிர்வு கடைசி வேகனுக்கு இடிபோல வந்து சேரும். தெரியாமல் விளிம்பில் நிற்பவர் தூக்கி எறியப்படுவார்.

பயணிகளுக்கென ஒரு பெட்டி இணைப்பது உண்டு. ஆனால் ஏழைகள் தலைமுறையாக ஏறியது தாதுக் குவியலின் மேல்தான். அதற்குக் கட்டணம் கிடையாது. கறுப்புத் துகள் கண்ணிலும் மூக்கிலும் ஏறாமலிருக்கத் தலைப்பாகைத் துணியை முகம் முழுக்கச் சுற்றிக்கொள்வார்கள். பகலில் தாது கொதிக்கும். இரவில் பாலைக் குளிர் எலும்பைத் தொடும், போர்வை போதாது. திரும்பும் காலி வேகன்களில் ஆடுகள், அரிசி மூட்டை, தண்ணீர் பீப்பாய், உலர்ந்த மீன். வழியில் இருக்கும் சூம் போன்ற ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் இதே ரயில்தான்.

சுரங்கத்தைத் தோண்டிய மிஃபெர்மா நிறுவனத்தில் பிரெஞ்சு முதலீடே ஓங்கியிருந்தது. சுதந்திர நாட்டுக்குள் அது தனி அரசாகவே நடந்தது: சொந்த ஊர், சொந்த ரயில், சொந்தத் துறைமுகம். 1968 மே மாதம் சுவேராத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது ராணுவம் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த ரத்தம் ஒரு தலைமுறை இளைஞர்களை அரசியலுக்கு இழுத்தது. அவர்களின் அழுத்தத்தில் மொக்தார் உல்த் தாதா 1973-ல் பிரெஞ்சு நாணயப் பிணைப்பிலிருந்து விலகி உகியா என்ற சொந்த நாணயத்தைக் கொண்டுவந்தார். 1974-ல் மிஃபெர்மாவை நாட்டுடைமை ஆக்கினார். இன்று ஸ்நிம் என்ற பெயரில் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் தாதுவை அனுப்புகிறது. பெரும்பகுதி சீனாவுக்கு.

அதே தலைவர் அடுத்த ஆண்டே பெரும்பிழை செய்தார். ஸ்பெயின் மேற்கு சஹாராவை விட்டு வெளியேறியபோது, மொராக்கோவோடு சேர்ந்து அதைப் பங்கு போட்டுக்கொண்டார். மேற்கு சஹாராவின் விடுதலைக்குப் போராடிய பொலிசாரியோ போராளிகள் தாக்க வேண்டிய இடம் எது என்று தேடி அலையவில்லை: தண்டவாளம். தாது நின்றது, வருமானம் நின்றது. 1978 ஜூலையில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. அடுத்த ஆண்டு நாடு போரிலிருந்து விலகியது. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டு, கவிழ்ப்புக்கு மேல் கவிழ்ப்பு. 2019-ல்தான், தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிபர் தன் பதவிக்காலம் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட இன்னொருவரிடம் ஆட்சியை ஒப்படைத்தார். ஒப்படைத்த முகமது உல்த் அப்துல் அஜீஸ், பதவியில் சொத்துக் குவித்ததற்காக 2023-ல் தண்டனை பெற்றார். பெற்றுக்கொண்ட கஸ்வானி இப்போது இரண்டாம் முறை அதிபர்.

கடலில் கிடைப்பது

மொரிட்டானியாவின் உண்மையான வயல் கடல். குளிர்ந்த அடிநீர் மேலெழும் கடற்பகுதி என்பதால், உலகின் மிக வளமான மீன்பிடித் தளங்களுள் ஒன்று. அந்தக் கரையின் ஆர்கான் திட்டு 1976-ல் தேசியப் பூங்கா ஆனது. சைபீரியாவிலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் குளிர்காலத்தில் இருபது லட்சம் கரைப்பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன. பூங்காவுக்குள் மீன் பிடிக்கும் உரிமை இம்ராகுவென் மக்களுக்கு மட்டும். அவர்களும் பாய்மரப் படகில்தான் போகலாம், மோட்டார் கூடாது.

அவர்களின் பழைய மடவை வேட்டை அழகானது. மடவைக் கூட்டம் கரையை நெருங்கும்போது ஆண்கள் நீரில் இறங்கிக் கழியால் மேற்பரப்பை ஓங்கி அடிப்பார்கள். அந்த ஓசைக்கு வெளிக்கடலிலிருந்து ஓங்கில்கள் வரும். முன்னால் ஓங்கில், பின்னால் தோளில் வலை சுமந்த மனிதர். நடுவில் தப்ப வழியின்றி மடவை. இரு தரப்புக்கும் பங்கு உண்டு. கரையில் பெண்கள் மீனைப் பிளந்து காய வைப்பார்கள். சினையை உப்பிட்டு அழுத்தி உலர்த்துவார்கள். இந்தச் சினைக்கு ஐரோப்பாவில் பெருவிலை.

பூங்காவின் எல்லைக்கு வெளியே கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் தன் கப்பல்கள் மீன்பிடிக்க ஆண்டுக்கு 5.75 கோடி யூரோ தருவதாக 2021-ல் ஒப்பந்தம் செய்தது. சீன, துருக்கிக் கப்பல்கள் தனி. பேய்க்கணவாயை மட்டும் 2012-ல் உள்நாட்டவருக்கு ஒதுக்கி அரசு உறுதியாக நின்றது. ஜப்பானும் ஸ்பெயினும் வாங்கும் அந்தச் சரக்கு ஆயிரக்கணக்கான சிறு படகுக்காரர்களை வாழ வைக்கிறது. அந்த உறுதி மத்தி விஷயத்தில் இருக்கவில்லை. நுவாதிபு கரையில் மீன்மாவு ஆலைகள் வரிசையாக முளைத்தன. நான்கைந்து கிலோ பச்சை மத்தியை அரைத்தால் ஒரு கிலோ மாவு. அது நார்வேயிலும் சீனாவிலும் துருக்கியிலும் வளர்ப்பு மீனுக்கும் கோழிக்கும் தீவனம். மத்தி, மொராக்கோ முதல் செனகல் வரை கரையோரம் வலசை போகும் மீன். அந்தக் கரை முழுக்க ஏழை வீட்டுச் சோற்றுக்கு அதுதான் குழம்பு. பசியுள்ள கரையிலிருந்து எடுத்து, வயிறு நிறைந்த நாட்டின் மீன்தொட்டிக்குப் போடுவதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மீன் குறைந்த படகுகள் மனிதரை ஏற்றத் தொடங்கின. 2024-ல் மட்டும் 46,000-க்கும் அதிகமானோர் கடல்வழியாக கேனரி தீவுகளைச் சேர்ந்தார்கள். பெரும்பகுதிப் படகுகள் கிளம்பியது மொரிட்டானியக் கரையிலிருந்து. அதே ஆண்டு மார்ச்சில், குடிபெயர்வோரைத் தடுப்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்கியது. கிழக்கு எல்லையிலோ, மாலியின் போருக்கு அஞ்சி வந்த லட்சக்கணக்கானோருக்கு ம்பெரா முகாமும் சுற்றியுள்ள ஊர்களும் இடம் கொடுத்திருக்கின்றன. இந்தப் பெருந்தன்மைக்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை.

தங்கமும் எரிவாயுவும் புதிய வரவுகள். தாசியாஸ்த் சுரங்கம் கனடா நிறுவனத்தின் கையில். 2016-ல் பாலையில் மேற்பரப்பிலேயே தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவி, பல்லாயிரம் பேர் உலோகம் காட்டும் கருவியோடு கிளம்பினார்கள். ஷாமி என்ற புது ஊர் தங்கம் அரைக்கும் ஊராக மாறியது. குழி சரிந்து சாகிறார்கள். பாதரசப் புகையை வெறும் மூக்கால் சுவாசிக்கிறார்கள். செனகலோடு பகிர்ந்துகொண்ட ஆழ்கடல் வயலிலிருந்து, 2025 ஏப்ரலில் முதல் எரிவாயுக் கப்பல் கிளம்பியது. 2006-ல் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய எண்ணெய் உற்பத்தி சில ஆண்டுகளிலேயே சரிந்ததைப் பார்த்த மக்கள், இந்த முறை அமைதியாகவே பார்க்கிறார்கள்.

கடைசியாக, ஒரு பால் பண்ணை. 1980-களின் இறுதியில், ஒட்டகங்கள் நிறைந்த நாட்டின் தலைநகரத்தில் மக்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த பால்பவுடரைக் கரைத்துக் குடித்தார்கள். பிரிட்டனில் பிறந்து மொரிட்டானியரை மணந்த நான்சி அபெய்தரஹ்மான் என்ற பொறியாளர், 1989-ல் நுவாக்சோட்டில் திவிஸ்கி பால் நிலையத்தைத் தொடங்கினார். ஒட்டகப் பாலைப் பதப்படுத்தி விற்ற ஆப்பிரிக்காவின் முதல் நிலையம் அதுதான். சொந்தமாக ஒரு ஒட்டகம்கூட வாங்கவில்லை. மேய்ப்பர்கள் கறந்து கொண்டுவரும் பாலை விலைக்கு வாங்கினார். தீவனமும் கால்நடை மருத்துவமும் கடனில் கிடைக்க வழி செய்தார். மந்தையையும் மேய்ச்சலையும் விடாமல், மாதாமாதம் கையில் காசு பார்க்கலாம் என்ற நிலை நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வந்தது. மேய்ப்பர்கள் முதலில் பாலை விற்கத் தயங்கியதற்கு மரபில் ஒரு காரணம் இருந்தது: பாலை விற்பது அவமானம், விருந்தினருக்குக் கொடுப்பதே முறை. காசுத் தேவை அந்தத் தயக்கத்தை மெல்லக் கரைத்தது.

ஒட்டகப் பால் எளிதில் உறையாது. பிரெஞ்சு வல்லுநர் ஒருவரின் உதவியோடு அதையும் உறைய வைத்து, காரவான் என்ற பெயரில் பாலாடைக்கட்டி செய்தார்கள். ஐரோப்பியக் கடைகள் கேட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறைகள் இடம் கொடுக்கவில்லை. இரும்புத் தாதுவுக்கும் பேய்க்கணவாய்க்கும் மீன்மாவுக்கும் திறந்திருக்கும் அதே துறைமுகங்கள்தான். அந்தப் பாலாடைக்கட்டியை நுவாக்சோட் கடைகளிலேயே விற்கிறார்கள். பக்கத்து அடுக்கில், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த பால்பெட்டிகள் இருக்கின்றன.